உப்பு லாரிக்கு எப்போது வரும் நல்ல எஞ்சின்?

ஈ.சி.ஆரில் சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போகிறவர்கள் யாரும் மரக்காணத்தைப் பார்க்காமல் போக முடியாது. கல்பாக்கம் தாண்டி, பாலாறு தாண்டி, கொஞ்ச தூரம் போனால் சாலையோரம் கண்ணுக்கு எட்டியவரை பாத்தி பாத்தியாக உப்பளம். வெயிலில் பளபளவென்று மின்னும் தண்ணீர், குவித்து வைத்த வெள்ளை அம்பாரங்கள், தலையில் கூடையோடு நடக்கும் பெண்கள். காரை ஓரம் கட்டி போட்டோ எடுக்காதவர்கள் குறைவு.

ஆனால் அந்த போட்டோவில் யாரும் சேர்த்துக்கொள்ளாத ஒன்று உண்டு. பாத்தியோரத்து மண் பாதையில் லோடுக்காக நிற்கும் பழைய லாரி! கதவின் அடியில் துரு தின்ற ஓட்டை, கயிறு போட்டுக் கட்டிய பம்பர். ஸ்டார்ட் செய்ததும் பின்னால் கிளம்பும் கருப்புப் புகை. வெள்ளை உப்பை ஏற்றிக்கொண்டு கருப்புப் புகை விட்டுக்கொண்டு போகிறது.

இது மரக்காணத்தின் குற்றம் அல்ல. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் இதே காட்சிதான். கேள்வி வேறு. சுத்தமான டீசல் எஞ்சினுக்காக உலகம் முழுக்க விஞ்ஞானிகள் புதிய உலோகங்களையும் பீங்கான்களையும் கண்டுபிடித்துவிட்டார்கள். அவற்றை வைத்து லாரி செய்யும் தொழிற்சாலைகள் எண்ணூரிலும் ஓசூரிலும் ஒரகடத்திலும் இருக்கின்றன. ஒரகடத்திலிருந்து மரக்காணம் சில மணி நேரப் பயணம்தான். அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு நல்ல எஞ்சினுக்கு ஏன் பத்துப் பதினைந்து வருடம் ஆகிறது? வந்து சேரும்போது அதில் நல்லது என்று எதாவது மிச்சம் இருக்குமா?

டீசல் எஞ்சினில் பொருளுக்கு என்ன வேலை?

முதலில் கொஞ்சம் அடிப்படை. பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி வைத்துப் பற்ற வைக்கிறார்கள். டீசலில் அது கிடையாது. காற்றை அழுத்தி அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். எவ்வளவு அழுத்தமும் சூடும் தாங்குகிறதோ அவ்வளவு வேலை அதனிடம் வாங்கலாம். ருடால்ஃப் டீசல் 1897ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சின் எரிபொருளின் சக்தியில் சுமார் 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது. அந்தக் காலத்து நீராவி எஞ்சின்களில் பெரும்பாலானவை அதில் பாதியைக்கூடத் தொடவில்லை.

இன்றைய நல்ல லாரி எஞ்சின் 40 முதல் 45 சதவீதம் வரை தருகிறது. சீனாவின் வெய்சாய் நிறுவனம் 2020ல் 50 சதவீதத்தைத் தாண்டியதாக அறிவித்தது. 2024ல் அதே நிறுவனம் 53.09 என்றது. 26லிருந்து 53க்கு வர 127 வருடம்! டிசைன், எரிபொருள் பீய்ச்சும் முறை, கம்ப்யூட்டர் எல்லாம் இதில் உதவின. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பொருள். அழுத்தத்தை ஏற்றினால் பிளாக் வெடிக்கக்கூடாது, சூட்டை ஏற்றினால் பிஸ்டன் உருகக்கூடாது.

எஞ்சின் பிளாக் காலங்காலமாக சாம்பல் வார்ப்பிரும்பில்தான் வந்தது. அந்த இரும்புக்குள் இருக்கும் கிராஃபைட் சின்னச் சின்னத் தகடுகள் மாதிரி இருக்கும். தகட்டின் கூர்மையான ஓரத்திலிருந்துதான் விரிசல் தொடங்கும். உருகிய இரும்பில் மெக்னீசியத்தை மிகச் சரியான அளவில் சேர்த்தால் அதே கிராஃபைட் புழு மாதிரி சுருண்டு, முனை மழுங்கி வளர்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த மாற்றத்தினால் இழுவலிமை சுமார் 75 சதவீதம் கூடுகிறது. மெக்னீசியம் துளி குறைந்தால் பழையபடி தகடு, துளி கூடினால் உருண்டை. அந்தக் குறுகிய எல்லைக்குள் தினமும் டன் கணக்கில் வார்ப்பதுதான் கஷ்டம். ஐரோப்பாவின் பல பெரிய லாரி எஞ்சின்கள் இன்று இந்த இரும்பில்தான் வருகின்றன.

பிஸ்டனும் அப்படித்தான். அலுமினியம் லேசானது, சூட்டைச் சீக்கிரம் கடத்தும். ஆனால் 300 டிகிரியைத் தாண்டினாலே அதன் வலு குறையத் தொடங்கும். அதனால் கனரக லாரிகளில் எஃகு பிஸ்டன் வந்தது. சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949லேயே தொடங்கியது. பிஸ்டன் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிய சரக்கே இல்லை.

பீங்கான் எஞ்சின் சொன்ன பாடம்

1980களில் ஒரு பெரிய கனவு இருந்தது. எஞ்சினின் சூட்டில் பெரும் பகுதி ரேடியேட்டர் வழியாக வீணாகிறது. உள்ளே பீங்கான் பூசிவிட்டால் சூடு வெளியே போகாது, ரேடியேட்டரே வேண்டாம், மைலேஜ் எகிறும்! அமெரிக்காவில் கம்மின்ஸ் நிறுவனமும் ராணுவமும் சேர்ந்து அப்படி ஒரு லாரியையே ஓட்டிப் பார்த்தார்கள். ஜப்பானில் இசுசூவும் கியோசெராவும் இறங்கின.

நடந்தது வேறு. தடுத்து நிறுத்திய சூட்டில் பெரும்பகுதி வேலையாக மாறாமல் சைலன்சர் வழியாகப் போய்விட்டது. சுவர் எப்போதும் கொதித்ததால் உள்ளே இழுக்கும் காற்றும் சூடாகி விரிந்து, சிலிண்டருக்குள் நுழையும் காற்றின் அளவு குறைந்தது. பீங்கான் உடையவும் செய்தது. கனவு அப்போதைக்கு மூட்டை கட்டப்பட்டது.

முப்பது வருடம் கழித்து, 2015ல் டொயோட்டா தன் 2.8 லிட்டர் டீசல் எஞ்சினில் அதே யோசனையைத் திருப்பிப் போட்டது. கனமான பூச்சுக்குப் பதில் பிஸ்டன் தலையில் நுண்துளைகள் கொண்ட மிக மெல்லிய பூச்சு. எரியும்போது சட்டென்று சூடாகும், காற்று உள்ளே வரும்போது சட்டென்று ஆறும். இதனால் சூடும் காக்கப்பட்டது, காற்றும் விரியவில்லை.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு பொருள் ஆய்வகத்தில் எவ்வளவு சூடு தாங்குகிறது என்பது பாதிக் கதைதான். அது வேலை செய்யப்போகும் இடத்தின் தாளம் என்ன என்று பார்த்துச் செய்தால்தான் முழுக் கதை. கட்டுரையின் மிச்சம் இந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

புகையைப் பிடிக்கும் பீங்கான்

எஞ்சினுக்குள் சூடு அதிகமானால் காற்றில் உள்ள நைட்ரஜன் எரிந்து நைட்ரஜன் ஆக்சைடு வருகிறது. சூட்டைக் குறைத்தால் டீசல் சரியாக எரியாமல் கரி வருகிறது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று வழுக்கும். அதனால் மிச்சத்தை எஞ்சினுக்கு வெளியே, சைலன்சர் பாதையில் பிடிக்க வேண்டியதாகிவிட்டது.

கரியைப் பிடிப்பது தேன்கூடு மாதிரி துளைகள் கொண்ட பீங்கான் வடிகட்டி. கார்டியரைட் என்ற பீங்கானைத் தேன்கூடாகப் பிழிந்தெடுக்கும் வித்தையை அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் கார்களுக்காகக் கண்டுபிடித்தது. துளைகளை ஒன்றுவிட்டு ஒன்று அடைத்துவிட்டால் புகை சுவரின் நுண்துளை வழியாகத்தான் போக வேண்டும். கரி சிக்கிக்கொள்ளும். சிக்கிய கரியை அவ்வப்போது 550, 600 டிகிரி சூட்டில் எரித்துவிட வேண்டும். 2000ல் வந்த பெஜோ 607 காரில் இன்னும் உறுதியான சிலிக்கான் கார்பைடு வடிகட்டி வந்தது.

நைட்ரஜன் ஆக்சைடுக்கு வேறு வழி. 32.5 சதவீத யூரியா கலந்த சுத்தமான தண்ணீரைப் புகையில் பீய்ச்சினால் அம்மோனியா உண்டாகும். ஒரு வினையூக்கியின் மேல் அந்த அம்மோனியாவும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்ந்து வெறும் நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாறிவிடும். தாமிரம் ஏற்றிய ஜியோலைட் இதற்குப் பெயர் போனது. பழைய ஜியோலைட்கள் சூடான நீராவியில் நொறுங்கின. மிகச் சின்னத் துளைகள் கொண்ட சாபசைட் வகை ஜியோலைட் வந்த பிறகுதான் 2010 வாக்கில் இது லாரிக்கு ஏற்ற சரக்கானது.

இது எதுவும் ஆடம்பரம் இல்லை. 2012 ஜூனில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்தது. லாரியின் பின்பக்கம் நின்றுகொண்டு மணிக்கணக்கில் மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு இந்தப் பீங்கான் ஒரு முகமூடி மாதிரி.

இந்தியா எடுத்த பெரிய தாவல்

2017 ஏப்ரலில் நாடு முழுக்க பி.எஸ்-4 வந்தது. 2020 ஏப்ரல் 1ல் பி.எஸ்-6. நடுவில் ஐந்தைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள். டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்தது 10 ஆனது. கனரக எஞ்சினின் நைட்ரஜன் ஆக்சைடு எல்லை ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராமிலிருந்து 0.46 கிராமுக்கு இறங்கியது. ஐரோப்பா பல வருடம் எடுத்துக்கொண்ட தூரத்தை மூன்றே வருடத்தில் தாண்டியது இந்தியா. சும்மா சொல்லக்கூடாது, இது பெரிய சாதனைதான். அசோக் லேலண்டும் பாரத்பென்ஸும் அந்த லாரிகளைத் தமிழ்நாட்டு மண்ணிலேயே செய்தன.

அப்புறம் ஏன் உப்பளத்தில் இன்னும் கருப்புப் புகை?

ஒரு சின்னக் கணக்கு

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சுலபம். பி.எஸ்-6 வந்தபோது கனரக லாரியின் விலை சுமார் 10 முதல் 15 சதவீதம் ஏறியது. ஒரு லாரிக்கு 3 லட்சம் ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய எஞ்சின் 5 சதவீதம் டீசல் மிச்சம் பிடிக்கிறது என்றும், டீசல் லிட்டர் 90 ரூபாய் என்றும், லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல்லிலிருந்து வடக்கே லோடு அடிக்கும் லாரி வருடத்துக்கு 80,000 கிலோமீட்டர் ஓடினால் 20,000 லிட்டர் குடிக்கும். 5 சதவீதம் என்றால் 1,000 லிட்டர், 90,000 ரூபாய் மிச்சம். போட்ட 3 லட்சம் மூன்றரை வருடத்துக்குள் திரும்பிவிடும். அப்புறம் லாபம்தான்.

உப்பு லாரியைப் பாருங்கள். மரக்காணத்தில் உப்பு சீசன் ஏறக்குறைய ஜனவரி முதல் செப்டம்பர் வரை. வடகிழக்குப் பருவமழை வந்தால் பாத்தியெல்லாம் தண்ணீர். பக்கத்து ஊர்களுக்கு ஓட்டம், லோடுக்காகக் காத்திருப்பு. வருடத்துக்கு 20,000 கிலோமீட்டர் என்று வைத்தால் 5,000 லிட்டர். 5 சதவீதம் 250 லிட்டர், 22,500 ரூபாய். 3 லட்சம் திரும்ப 13 வருடத்துக்கு மேல்! எந்த முதலாளி வாங்குவார்?

இதோடு சரக்கின் குணத்தையும் சேர்த்துப் பாருங்கள். செல்போன் ஏற்றிய லாரியில் சரக்கின் மதிப்பு கோடிக்கணக்கு, வாடகை தூசு. உப்பு அதற்கு நேர் எதிர். கனமோ கனம், விலையோ சொற்பம். கடைக்கு வரும்போது உப்பின் விலையில் வாடகையே பெரும் பங்கு. வாடகை கொஞ்சம் ஏறினாலும் வியாபாரி வேறு ஊர் உப்பைத் தேடிப் போவான். அதனால் உப்புக்கு வரும் லாரி மலிவான லாரியாக இருந்தே ஆக வேண்டும். முதல் முதலாளி கழித்து, இரண்டாமவர் கழித்து, மூன்றாவது நான்காவது கையில்தான் லாரி உப்பளத்துக்கு வருகிறது. துருப்பிடிக்கப் போகும் வேலைக்குப் புது லாரியை யார் விடுவார்கள் என்பது வேறு விஷயம்.

ஆக, உப்பு லாரி பழசாக இருப்பது அறியாமையால் அல்ல, கணக்கால். "டிரைவர்களுக்கு விழிப்புணர்வு வேண்டும்" என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

பி.எஸ்-6 லாரியும் பழசாகும்

இப்போது முக்கியமான இடம். இன்றைய உப்பு லாரிகளில் வடிகட்டியும் கிடையாது, யூரியா டேங்கும் கிடையாது. ஆனால் 2020ல் விற்ற பி.எஸ்-6 லாரிகளும் கைமாறிக் கைமாறி ஒருநாள் உப்பளத்துக்கு வரும். அப்போது புகை நின்றுவிடுமா?

விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். 16 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரியின் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு 7 லட்சம் கிலோமீட்டர் அல்லது 7 வருடம், எது முதலில் வருகிறதோ அதுவரை தாங்கினால் போதும். ஏழு வருடம்! லாரி உப்பளத்துக்கு வரும் வயதே அதற்கு மேல்தான். அதாவது தயாரிப்பாளரின் பொறுப்பு முடிகிற இடத்தில்தான் மரக்காணத்தில் அந்த லாரியின் வாழ்க்கை தொடங்குகிறது. முதல் பி.எஸ்-6 லாரிகளுக்கு 2027ல் ஏழு வயது நிறைகிறது. இது தூரத்துப் பிரச்சினை அல்ல.

வந்த இடத்தில் அந்தப் பீங்கான்களுக்கு என்ன காத்திருக்கிறது?

முதலாவது, குறைந்த ஓட்டம். வடிகட்டியில் சிக்கிய கரி எரிய வேண்டுமானால் புகைப் பாதை நன்றாகச் சூடேற வேண்டும். யூரியா வினையூக்கியும் சுமார் 200 டிகிரிக்குக் கீழே ஒழுங்காக வேலை செய்யாது. நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓடும் லாரிக்கு இது பிரச்சினையே இல்லை. பாத்தியோரம் ஊர்ந்து, நின்று, ஐடிலில் உறுமி, பக்கத்து குடோனில் இறக்கும் லாரிக்கு அந்தச் சூடு வருவது அபூர்வம். கரி சேர்ந்துகொண்டே போகும். ஒருநாள் வடிகட்டி அடைத்து வண்டி இழுக்காது.

இரண்டாவது, சும்மா நிற்பது. யூரியா கரைசலை 35 டிகிரி வெப்பத்தில் வைத்திருந்தால் சுமார் ஆறு மாதம்தான் அதன் ஆயுள். சீசன் இல்லாத மாதங்களில் உப்புக்காற்றில் நிற்கும் லாரியின் டேங்கில் அது என்ன ஆகும்? குழாய்முனையில் படிகமாக உறைந்து அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, உப்பு. சென்சார் ஒயர், கிளாம்ப், வடிகட்டியின் எஃகு உறை எல்லாம் வண்டியின் அடியில் இருக்கின்றன. ஈரமும் குளோரைடும் சேர்ந்தால் துருவுக்குக் கொண்டாட்டம். பத்து வருடம் தாங்கும் பீங்கானை, சில நூறு ரூபாய் கிளாம்ப் துருப்பிடித்து நாசம் செய்யும்.

நான்காவதுதான் மிகவும் வேடிக்கை. யூரியா கரைசலில் சோடியம் ஒரு கிலோவுக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது சர்வதேசத் தரம். ஏனென்றால் சோடியம் வினையூக்கிக்கு விஷம், அமில இடங்களை அடைத்து அதைச் செயலற்றதாக்கிவிடும். கார்டியரைட் பீங்கானையும் கடும் சூட்டில் அரிக்கும். கடல் தண்ணீரில் ஒரு கிலோவுக்கு சுமார் 10,800 மில்லிகிராம் சோடியம். கணக்குப் போட்டால் ஒரு லிட்டர் கடல் தண்ணீர் இருபதாயிரம் லிட்டர் சுத்தமான யூரியா கரைசலைக் கெடுக்கப் போதும்! காசு மிச்சம் பிடிக்க யூரியாவில் கிணற்றுத் தண்ணீர் கலப்பது எந்த ஊரிலும் தப்புதான். உவர்நிலத்துக் கிணற்றுத் தண்ணீர் என்றால் சொல்லவே வேண்டாம்.

இத்தனையும் பழுதானால் என்ன நடக்கும்? புது வடிகட்டி, புது வினையூக்கி வாங்கும் விலைக்குப் பக்கத்தில் அந்தப் பழைய லாரியின் விலையே வந்து நிற்கும். மெக்கானிக் ஒரே வழிதான் சொல்வார்: "கழட்டிப் போட்டுருங்கண்ணே, வண்டி நல்லா இழுக்கும்." உலகம் முழுக்க வடிகட்டியை வெட்டி எடுப்பதும், யூரியா இருப்பதாகக் கம்ப்யூட்டரை ஏமாற்றும் கருவி மாட்டுவதும் தெரிந்த கதை. அந்த அண்ணன் கெட்டவர் அல்ல. அவருக்கு வேறு வழி யாரும் கொடுக்கவில்லை. அத்தனை ஆராய்ச்சியில் விளைந்த பீங்கான் கடைசியில் காயலான் கடையில் கிடக்கும். எஞ்சின் பழையபடி ஊதும்.

எல்லாம் எலெக்ட்ரிக் ஆகிவிடுமே?

"இனி மின்சார லாரி வந்துவிடும், டீசலைப் பற்றி எதற்குக் கவலை?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மின்சார லாரிகள் வரத்தான் போகின்றன, வரவும் வேண்டும். ஆனால் இன்று விற்கும் டீசல் லாரி பதினைந்து இருபது வருடம் ஓடும். புதுசு எதுவாக இருந்தாலும் உப்பளத்துக்குக் கடைசியில்தான் வரும் என்ற கணக்கு மின்சார லாரிக்கும் பொருந்தும். 2040ல் மரக்காணத்தில் என்ன புகை வரும் என்பது இன்று எண்ணூரிலும் ஒரகடத்திலும் எந்தப் பொருளைத் தேர்வு செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

"பழைய லாரியை உடைத்துவிட்டால் போச்சு" என்பது இன்னொரு வாதம். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு பழைய வாகனக் கழிப்புக் கொள்கையை அறிவித்தது. 2022 ஏப்ரலிலிருந்து 15 வருடம் தாண்டிய வாகனங்களுக்கு எஃப்.சி. கட்டணமும் ஏறியது. சரி, ஒற்றை லாரி வைத்திருப்பவர் அதை இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு என்ன வாங்குவார்? அவர் கையில் இருக்கும் காசுக்குக் கிடைப்பது இன்னொரு பத்து வயது லாரி. அதன் வடிகட்டி நல்ல நிலையில் இருந்தால்தான் உடைத்ததற்கு அர்த்தம். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறது.

என்ன செய்யலாம்?

ஒன்று, ஏழு வருடம் என்பதை நீட்ட வேண்டும். லாரி பதினைந்து வருடம் ஓடும் நாட்டில் அதன் மாசுக் கட்டுப்பாடு பதினைந்து வருடம் தாங்க வேண்டும் என்பது அதிகப்படியான ஆசை இல்லை. ஐரோப்பா 2024ல் ஏற்ற யூரோ 7 விதி இந்தக் காலத்தை நீட்டியிருக்கிறது. விதி நீண்டால் பொருளின் தேர்வும் தானாக மாறும். ஏழு வருடத்துக்கு ஒரு உறை போதும் என்றால் மலிவான எஃகு வரும். பதினைந்து என்றால் நல்ல எஃகு வரும்.

இரண்டு, சோதனையை உப்பளத்துக்குக் கொண்டு வர வேண்டும். 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரியில் தெளித்துத் துரு பார்க்கும் சோதனை உலகெங்கும் உள்ளதுதான். அது தனித் தகட்டுக்கான சோதனை. குறைந்த ஓட்டம், நீண்ட நிறுத்தம், உப்புக்காற்று மூன்றும் சேர்ந்து வந்தால் முழு அமைப்பும் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு வெளிநாடு போக வேண்டாம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது, மண்டபத்தில் அதற்குக் கடலோரத் துரு சோதனை நிலையமே உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் எரிதல் ஆராய்ச்சிக்கான தேசிய மையம் இருக்கிறது. ஐதராபாத்தைச் சேர்ந்த புதிய பொருள்களுக்கான ஏ.ஆர்.சி.ஐ.யின் வாகனப் பொருள் மையம் தரமணியில். வாகனங்களைச் சோதிக்க ஒரகடத்தில் மத்திய அரசின் ஆட்டோமோட்டிவ் ஆய்வு மையம். எல்லாம் தமிழ்நாட்டுக்குள்ளேயே!

மூன்று, மறுவாழ்வு. எஞ்சின் பழுதானால் ரீபோர் செய்து, லைனர், ரிங் மாற்றி ஓட்டுவது நம் மெக்கானிக்குகளுக்குக் கை வந்த கலை. வடிகட்டியைக் கழற்றிச் சாம்பலை ஊதிச் சுத்தம் செய்து திருப்பி மாட்டுவதும், வினையூக்கியைப் புதுப்பிப்பதும் அதே மாதிரி திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் கிடைக்கும் வேலையாக வேண்டும். தரச் சான்றோடு, புதுசின் விலையில் ஒரு பங்குக்கு. வெட்டி எறிவதைவிட சரி செய்வது மலிவு என்றால் யாரும் வெட்டமாட்டார்கள். பொருள் விஞ்ஞானிகள் தேட வேண்டியதும் அப்படிப்பட்ட பொருளைத்தான். சாதனை சதவீதத்தை எட்டுவதோடு, சாதாரணப் பட்டறையில் கழற்றி மாட்டினாலும் பிழைக்கிற பொருள்.

நான்கு, வாரண்டி லாரியோடு போக வேண்டும், முதல் முதலாளியோடு நின்றுவிடக்கூடாது. வடிகட்டியும் வினையூக்கியும் நல்ல நிலையில் இருப்பதாகச் சான்று உள்ள பழைய லாரிக்குச் சந்தையில் கூடுதல் விலை கிடைத்தால், முதல் முதலாளியே அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார். பயன்பாட்டு மதிப்பை மறுவிற்பனை விலையில் சேர்த்துவிட்டால் போலீஸ்கூட வேண்டாம்.

உமணர் கட்டிய அச்சு

உப்பு வண்டி இந்த மண்ணுக்குப் புதுசில்லை. சங்க காலத்தில் உமணர்கள் நெய்தல் நிலத்து உப்பை மாட்டு வண்டியில் ஏற்றி மேடு பள்ளம் தாண்டி உள்நாட்டுக்குக் கொண்டு போனார்கள். அவர்களைப் பற்றி ஔவையார் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஒரு செய்தி சொல்கிறார். வழியில் அச்சு முறிந்தால் மாற்றிக்கொள்ள, வண்டியின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டி எடுத்துப் போவார்களாம். சேம அச்சு என்று அதற்குப் பெயர்.

அந்த உமணருக்கு மரத்தின் அறிவியல் தெரியாது. ஆனால் எந்த வழியில் போகிறோம், எது எங்கே முறியும் என்று தெரிந்திருந்தது. அதை யோசித்த பிறகுதான் வண்டியைக் கட்டினார்கள்.

இன்றைய எஞ்சினுக்கு இரும்பும் எஃகும் பீங்கானும் ஜியோலைட்டும் கிடைத்துவிட்டன. அடியில் கட்டும் அந்த இன்னொரு அச்சை மட்டும் மறந்துவிட்டார்கள். முதல் ஏழு வருடம் சுத்தமாக ஓடி, கடைசி பத்து வருடம் புகையை உப்பளத்துக்காரர்கள் தலையில் கொட்டும் எஞ்சினுக்குச் சுத்தமான எஞ்சின் என்று பெயர் வைப்பது நியாயமா? யோசித்துச் சொல்லுங்கள்.